ஈறில் இரத்தமும் வீட்டுக் கைமருந்தும்: மலையகத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், வளர்ந்தவள் நான். இப்போது ஒரு பல் கிளினிக்கில் உதவியாளராக வேலை செய்கிறேன். வாங்கில் காத்திருக்கும் அம்மாமார், அக்காமார் வைத்தியரிடம் கேட்கக் கூச்சப்பட்டு என்னிடம் மெதுவாகக் கேட்பார்கள். கொய்யா இலை நல்லதா, கராம்பு வைக்கலாமா, வெற்றிலை போட்டால் பல் உறுதியாகுமா என்று. திரும்பத் திரும்ப வரும் அந்தக் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

பல் துலக்கினால் ஈறில் இரத்தம் வருகிறது. பிரஷை நிறுத்திவிட்டு மூலிகை மட்டும் பாவிக்கலாமா?

நிறுத்தாதீர்கள். பலபேருக்கு விஷயம் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். பிரஷ் குத்தித்தான் இரத்தம் வருகிறது என்று நினைக்கிறோம். உண்மையான காரணம், பல்லும் ஈறும் சேரும் விளிம்பில் வெள்ளையும் மஞ்சளுமாகப் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும் ஊத்தை. நகத்தால் சுரண்டிப் பார்த்தால் நகத்தில் ஒட்டிக்கொண்டு வரும். அதில் இருப்பது பெரும்பாலும் கிருமிகள். அது அங்கேயே கிடந்தால் ஈறு சிவந்து வீங்கும், தொட்டாலே கசியும். கசிகிறதே என்று பயந்து அந்தப் பக்கத்தைத் துலக்காமல் விட்டால் ஊத்தை கூடும். ஊத்தை கூடினால் இரத்தமும் கூடும்.

1965இல் ஹரால்ட் லோ என்ற நோர்வே நாட்டு ஆய்வாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். நல்ல ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் சொன்னார்கள். ஏறக்குறைய 3 வாரத்துக்குள் எல்லாருக்கும் ஈறு அழற்சி வந்தது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரம் போல ஆனபோது ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. ஊத்தை போனது, நோயும் போனது. அவ்வளவுதான்.

ஆகவே மென்மையான பிரஷாக வாங்குங்கள். அதை ஈறு விளிம்பைப் பார்த்துச் சாய்வாகப் பிடித்து, சின்னச் சின்ன வட்டமாக அசையுங்கள். காலையிலும் படுக்கப் போகுமுன்பும் 2 நிமிடம். முதல் சில நாட்கள் இரத்தம் வரத்தான் செய்யும், பயப்படாதீர்கள். கீழே சொல்லப்போகிற மூலிகை எல்லாம் இதற்குத் துணை. ஊத்தையை எடுக்க வேண்டியது உங்கள் கை.

சூத்தை (சொத்தை) இல்லாத நல்ல பல் ஏன் ஆடி விழுகிறது?

என் அப்பாயியின் பல் அப்படித்தான் போனது. ஒரு பல்லிலும் கறுப்புப் புள்ளிகூட இல்லை. ஒரு நாள் பீலியடியில் (தண்ணீர்க் குழாயடியில்) முகம் கழுவும்போது முன்பல் ஒன்று கையோடு வந்துவிட்டது. வலிக்கவில்லை. அதை முந்தானையில் துடைத்து என்னிடம் காட்டினார். வேர் வரைக்கும் முழுசாக, நீளமாக இருந்தது. வேரைச் சுற்றி மண்ணிறமாகச் சிப்பி போல ஏதோ ஒட்டியிருந்தது. அது என்னவென்று அன்றைக்கு எங்கள் லயத்தில் யாருக்கும் தெரியாது.

அதுதான் காரை. ஊத்தையை எடுக்காமல் விட்டால் எச்சிலில் உள்ள சுண்ணச் சத்து படிந்து சில நாட்களிலேயே கெட்டியாகத் தொடங்கும். காரை ஈறுக்கு அடியில் இறங்கும்போது ஈறு பல்லை விட்டு விலகும், நடுவில் ஒரு பை உண்டாகும். அந்தப் பைக்குள் கிருமி சேர்ந்து, பல்லைப் பிடித்திருக்கும் தாடை எலும்பு கொஞ்சங்கொஞ்சமாகக் கரையும். பிடிமானம் போனால் பல் ஆடாமல் என்ன செய்யும்? வலி இல்லாமல் நடப்பதால்தான் நாம் கவனிப்பதில்லை.

மேலே சொன்ன அதே ஹரால்ட் லோ குழுவினர் 1970இல் இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களிடம் வந்தார்கள். 480 ஆண்களை 15 வருடம் தொடர்ந்து பரிசோதித்தார்கள். வழக்கமான முறையில் பல் துலக்கும் பழக்கமோ பல் சிகிச்சையோ கிடைக்காதவர்கள் அவர்கள். சூத்தை கிட்டத்தட்ட இல்லை. ஆனால் எல்லாருடைய ஈறும் வீங்கியிருந்தது. 100க்கு 8 பேருக்கு நோய் வேகமாக ஓடியது, 81 பேருக்கு நிதானமாக வளர்ந்தது. ஈறு நோயை அதன் போக்கில் விட்டால் என்ன ஆகும் என்று உலகத்துப் பல் வைத்திய மாணவர்கள் படிப்பது பெரும்பாலும் இந்த ஆய்வைத்தான். நம்மவர்களின் வாயில் எழுதப்பட்ட பாடம் நம் லயங்களுக்கு வந்து சேரவில்லையே என்பது எனக்குள் இருக்கும் பெரிய வருத்தம்.

எங்கள் தாத்தா பிரஷைத் தொட்டதே இல்லை. 80 வயதிலும் கச்சான் கடித்தார். அது எப்படி?

அதே ஆய்வில் மீதி 11 பேர் இருக்கிறார்கள் அல்லவா? எதுவும் செய்யாமலே ஈறு அழற்சியோடு நின்றுபோய், எலும்பு கரையாமல் தப்பியவர்கள். உடம்புக்கு உடம்பு எதிர்ப்புச் சக்தி வேறுபடும். உங்கள் தாத்தா அந்த 11 பேரில் ஒருவராக இருந்திருக்கலாம். நீங்களும் அப்படியா என்று பல் ஆடும்வரை காத்திருந்து பார்க்க வேண்டாம்.

உப்புத் தண்ணீர் உண்மையாகவே வேலை செய்கிறதா?

செய்கிறது. செலவில்லாத நல்ல மருந்து இதுதான். ஒரு கிளாஸ் இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி உப்பு. வாயில் 30 விநாடி வைத்துக் கொப்பளித்துத் துப்புங்கள். ஒரு நாளைக்கு 2, 3 தடவை போதும். வீக்கம் கொஞ்சம் வற்றும், நோவு குறையும், பல் பிடுங்கிய புண்ணும் சுத்தமாக இருக்கும் (பிடுங்கிய அன்றைக்குக் கொப்பளிக்கக் கூடாது, இரத்தக்கட்டி கலைந்துவிடும், மறுநாளிலிருந்து).

உப்பை அள்ளி ஈறில் தேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். கல்லுப்பு ஈறைக் கிழிக்கும். பிரஷர் உள்ளவர்கள் தண்ணீரை விழுங்காமல் துப்பிவிட வேண்டும்.

"ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்கிறார்கள். நம் மலையில் ஆலும் இல்லை, வேலும் இல்லையே?

சரியான கேள்வி. முதலில் ஒன்று: பலர் வேல் என்பதை வேம்பு என்று நினைக்கிறார்கள். அது கருவேல மரம். ஆல், வேல், வேம்பு மூன்றுமே வெப்பமான பக்கத்து மரங்கள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. அந்தக் குளிரில் வேம்பு தழைக்காது. யாழ்ப்பாணம், வவுனியா போய் வருகிறவர்கள் ஒரு கொத்து வேப்பங்குச்சி கொண்டு வந்தால் நம் வீடுகளில் அது விசேஷம்.

நம் ஆட்கள் பதிலுக்குப் பிடித்துக்கொண்டது கொய்யாக் குச்சி. சின்னவிரல் தடிப்பில் பச்சைக் குச்சியாக ஒடித்து, நுனியை மென்று நார்நாராக ஆக்கி அதனால் துலக்குவார்கள். குச்சியின் நன்மை பாதி அதன் துவர்ப்பில், பாதி அந்த நாரில். மென்ற நார் பிரஷ் மாதிரி வேலை செய்கிறது. ஆனால் கடைவாய்க்குப் பின்பக்கமும் பல்லின் உட்பக்கமும் குச்சி எட்டாது. ஈறைப் பலமாகத் தேய்த்தால் ஈறு மேலே ஏறிப்போகும். பிரஷ் இல்லாத இடத்தில் குச்சி நல்லது. பிரஷ் இருக்கும்போது அதைத் தூக்கிப் போட்டுவிட்டுக் குச்சிக்குப் போக வேண்டியதில்லை.

கொய்யா இலைக் கஷாயம் எப்படிச் செய்வது?

லயத்து வாசலில் ஒரு கொய்யா மரமாவது நிற்கும், அதனால் இது எனக்குப் பிடித்த மருந்து. இளம் துளிர் இலை 7, 8 பறித்து நன்றாகக் கழுவுங்கள். 2 கிளாஸ் தண்ணீரில் போட்டு ஒரு கிளாஸாக வற்றும்வரை கொதிக்க விடுங்கள். தண்ணீர் இளம் பழுப்பாக மாறி, வாயில் வைத்தால் நாக்கைச் சுருக்கும். அந்தச் சுருக்கம்தான் நமக்கு வேண்டியது. இலையில் உள்ள துவர்ப்புச் சத்து, தனின் என்பார்கள், வீங்கிய ஈறை இறுக்கும், கசிவைக் குறைக்கும். கிருமியை ஓரளவு அடக்கும் சத்துகளும் அதில் இருக்கின்றன.

ஆறியபின் வடித்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, துலக்கிய பிறகு கொப்பளியுங்கள். அன்றன்றைக்குச் செய்யுங்கள். நேற்றைய கஷாயத்தைப் போத்தலில் வைத்து இன்றைக்குப் பாவிக்க வேண்டாம், புளித்துப்போகும். மரம் தேயிலை மலை ஓரத்தில் நின்றால் கவனம்: பூச்சிமருந்து அடித்த கிழமையில் அந்த இலையைப் பறிக்காதீர்கள்.

மாதுளம் பழத் தோலும் இதே துவர்ப்புக்காகப் பாவிப்பதுதான். தோலைக் காயவைத்து, இதே மாதிரிக் கொதிக்க வைத்துக் கொப்பளிக்கலாம்.

கடுக்காய், திரிபலா, மாசிக்காய் பற்றி?

கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் சேர்ந்தது திரிபலா. சிங்களத்தில் அரலு, புலு, நெல்லி. ஊவாப் பக்கம் பிபிலைக்கு அருகே நில்கல காட்டுப் புல்வெளியில் இந்த மூன்று மரமும் இயற்கையாகவே நிற்கின்றன. நாட்டு மருந்துக் கடையில் தூளாகவும் கிடைக்கும், காயாகவும் கிடைக்கும். முடிந்தால் காயாக வாங்கி வீட்டில் இடியுங்கள். கடுக்காயில் கொட்டையை நீக்கிவிட்டுத் தோலை மட்டும் எடுக்க வேண்டும்.

ஒரு தேக்கரண்டித் தூளை ஒரு கிளாஸ் தண்ணீரில் கொதிக்க வைத்து, மெல்லிய துணியில் வடித்துக் கொப்பளிக்கலாம். இந்தியாவில் நடந்த சில சிறிய ஆய்வுகளில் திரிபலாத் தண்ணீர் ஊத்தையையும் ஈறு வீக்கத்தையும் நன்றாகவே குறைத்தது. பல் வைத்தியர்கள் தரும் குளோர்ஹெக்ஸிடின் வாய்கழுவிக்குக் கிட்ட வந்தது. ஆனால் அந்த ஆய்வுகளில் பங்கெடுத்தவர்கள் பல்லும் துலக்கினார்கள் என்பதை மறக்கக் கூடாது.

மாசிக்காய் காயே அல்ல. மேற்கு ஆசியாவில் வளரும் ஒருவகை ஓக் மரத்தில் குளவி முட்டையிடும்போது உண்டாகும் கட்டி அது. வெளியூரிலிருந்துதான் வருகிறது. தனின் மிக அதிகம், அதனால் வாயில் பட்டவுடனே இழுத்துப் பிடிக்கும். சிட்டிகை அளவு போதும்.

மகிழம்பட்டையையும் சொல்ல வேண்டும். சிங்களத்தில் முணமல் என்பார்கள். ஆடும் பல்லுக்கு அதன் பட்டைக் கஷாயத்தைப் பரம்பரையாகக் கொடுத்து வருகிறார்கள். இதுவும் துவர்ப்பு வகைதான்.

கராம்பு எண்ணெய் வைத்தால் வலி நின்றுவிடுகிறது. தினமும் வைக்கலாமா?

மாத்தளை, கண்டிப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களில் விளையும் நல்ல சரக்கு கராம்பு. அதில் உள்ள யூஜினோல் நரம்பை மரத்துப்போகச் செய்யும், கிருமியையும் கொல்லும். பல் வைத்தியர்களே தற்காலிகமாகப் பல் அடைக்கும் மருந்தில் யூஜினோல் சேர்ப்பார்கள்; எங்கள் கிளினிக்கில் கதவைத் திறந்ததும் அடிக்கும் வாசம் அதுதான்.

ஆனால் அது வலியை மறைக்கும், காரணத்தை எடுக்காது. இரவு வலி தாங்கவில்லையென்றால் ஒரு கராம்பை வலிக்கிற பல்லோரம் வைத்து மெதுவாகக் கடித்துக்கொள்ளுங்கள். விடிந்ததும் கிளினிக்குக்கு வாருங்கள். எண்ணெயைக் கலக்காமல் அப்படியே ஈறில் தடவினால் தோல் வெந்து வெள்ளையாக உரியும். ஒருமுறை ஒரு அக்கா மூன்று நாள் தொடர்ந்து தடவிவிட்டு வந்தார்; ஈறு வேகவைத்த மீன்தோல் மாதிரி இருந்தது, பல் வலியைவிட அந்தப் புண்ணின் எரிவுதான் அவருக்குப் பெரிதாகிவிட்டது. எண்ணெய்தான் வேண்டுமென்றால் ஒரு தேக்கரண்டித் தேங்காய் எண்ணெயில் ஒரு சொட்டு கலந்து, பஞ்சில் தொட்டு, பல்லில் மட்டும் வையுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். பிள்ளை விழுங்கிவிட்டால் சில மில்லிலீற்றர் கராம்பு எண்ணெயே ஈரலைத் தாக்கும், வலிப்பு வரும். போத்தலைச் சாமித்தட்டில், கைக்கு எட்டுகிற மாதிரி வைக்காதீர்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்று. வலிக்கிற இடத்தில் டிஸ்பிரினை நசுக்கி வைக்கிறார்கள், சாராயத்தை வாயில் ஊறவிடுகிறார்கள், புகையிலையை அடக்குகிறார்கள். மூன்றுமே ஈறைப் பொசுக்கும். மாத்திரை விழுங்கத்தான், வைத்து அடைக்க அல்ல.

மஞ்சள் தடவலாமா?

தடவலாம். கால் தேக்கரண்டி மஞ்சள், கொஞ்சம் தேங்காய் எண்ணெய், குழைத்து விரலால் ஈறில் மெதுவாகத் தடவி 5 நிமிடம் கழித்துக் கொப்பளியுங்கள். வீக்கத்துக்கு நல்லது. பல் கொஞ்சம் மஞ்சளாகும், துலக்கினால் போய்விடும்.

மஞ்சள் எங்கே வாங்குகிறீர்கள் என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. 2020 அளவில் மஞ்சள் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது விலை தாறுமாறாக ஏறியதும், மாவு கலந்த தூள் கடைகளுக்கு வந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். வாயில் வைக்கும் மஞ்சள், வீட்டுக் கொல்லையில் கிண்டி எடுத்த கிழங்காகவோ, காய்ந்த கிழங்காக வாங்கி நீங்களே இடித்ததாகவோ இருக்கட்டும்.

அடுப்புக் கரி, சாம்பல், செங்கல் தூள்?

இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்: வேண்டாம். கவ்வாத்து மலையில் பொறுக்கிவரும் மிலாறுதான் (வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சிதான்) எங்கள் வீட்டில் விறகு. விடியக்காலையில் அடுப்பில் மிச்சமான மிலாற்றுக் கரியை உள்ளங்கையில் நொறுக்கி, இரண்டு கல் உப்புச் சேர்த்து, பீலியடியில் வரிசையாக நின்று தேய்ப்போம். பல் பளிச்சென்று இருக்கும். அந்தப் பளிச்சுக்குக் காரணம் கரி பல்லின் மேல்தோலைச் சுரண்டியதுதான். ஈறு விளிம்பில் பல் மெல்லியதாக இருக்கும், அங்கே பள்ளம் விழும். பிறகு பீலித் தண்ணீர் பட்டாலே கூசும். கரித்தூள் ஈறுப் பைக்குள் புகுந்து தங்கியும் விடும். செங்கல் தூள் இதைவிட மோசம்.

நல்லெண்ணெய் கொப்பளிப்பது?

செய்யலாம், கெடுதி இல்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், 5 முதல் 10 நிமிடம், பிறகு துப்பிவிட்டு வழக்கம்போலத் துலக்குங்கள். விழுங்கக் கூடாது. புரையேறும் வயோதிபர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் வேண்டாம். உடம்பின் விஷமெல்லாம் எண்ணெயில் இறங்கிவிடும் என்பதை நம்பாதீர்கள். எண்ணெய் வெள்ளையாவது எச்சிலோடு அடிபட்டுக் கலப்பதால்தான்.

நாம் தேயிலைக்குள்ளேயே வாழ்கிறோம். தேயிலை ஈறுக்கு நல்லதா?

இலையில் நல்ல சத்து உண்டு. கடெச்சின் என்ற துவர்ப்புப் பொருள் கிருமி பல்லில் ஒட்டுவதைக் குறைக்கும். பச்சைத் தேயிலையில் அது அதிகம். மண்ணிலிருந்து ஃபுளோரைட்டையும் தேயிலைச் செடி இழுத்து இலையில் சேர்த்துவைக்கும். அது பல்லுக்கு நல்லது. சீனி போடாத சாயத்தை ஆறவைத்துக் கொப்பளித்தால் தப்பில்லை.

ஆனால் நாம் குடிப்பது சீனி போட்ட தேத்தண்ணி, அதுவும் ஒரு நாளைக்கு 5, 6 தடவை. ஒவ்வொரு தடவையும் வாயில் உள்ள கிருமிக்குச் சாப்பாடு போடுகிறோம். சாப்பாட்டோடு சேர்த்துக் குடியுங்கள், சீனியைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறையுங்கள், குடித்தபின் வெறுந்தண்ணீரில் வாயைக் கொப்பளியுங்கள். மலையில் நிற்கும் பச்சைக் கொழுந்தைப் பிடுங்கி வாயில் போட்டு மெல்லாதீர்கள். எப்போது என்ன மருந்து அடித்தார்கள் என்று தெரியாது.

வெற்றிலை போட்டால் ஈறு உறுதியாகும் என்று பெரியவர்கள் சொல்கிறார்களே?

என் அப்பாயி கடைசி வரை அப்படித்தான் சொன்னார். வெற்றிலை இலையை மட்டும் எடுத்தால் குற்றமில்லை. அதில் கிருமியை அடக்கும் சத்து இருக்கிறது, வாய் நாற்றத்தையும் போக்கும். நாம் இலையை மட்டுமா போடுகிறோம்?

விடிய 7 மணிக் குளிரில் ஈரப் படங்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு கையும் கொழுந்தில் ஓட, ஒரு கன்னத்தில் வெற்றிலையை அடக்கிக்கொள்வது அம்மாமாருக்கு ஒரு கதகதப்பு, பசியை மறக்க ஒரு வழி. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த உருண்டை மணிக்கணக்கில் ஒரே இடத்தில் கிடக்கிறது. சுண்ணாம்பு அந்த இடத்துத் தோலை வெந்துபோகச் செய்கிறது. பாக்கின் நார் ஈறு இடுக்கில் குத்தி நிற்கிறது. சிவப்புக் கறை காரையோடு சேர்ந்து இறுகுகிறது. அந்தக் கெட்டியைத்தான் "ஈறு உறுதி" என்று நினைக்கிறோம். புகையிலை ஈறின் இரத்த ஓட்டத்தைக் குறைப்பதால் நோய் இருந்தும் இரத்தம் வராமல் போகலாம்.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட மதிப்பீட்டில், புகையிலை சேராத வெறும் பாக்கே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சொல்லிவிட்டது. இலங்கையில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். பாக்கு மெல்லுகிறவர்களுக்குக் கன்னத் தோல் கயிறு போல இறுகி, வாய் திறக்கும் அளவு குறைந்துகொண்டே போகும் ஒரு நோயும் வரும்.

உங்களுக்கே ஒரு சோதனை. வாயை முழுதாகத் திறந்து, மூன்று விரலை நெட்டாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே விட்டுப் பாருங்கள். போகவில்லையென்றால், அல்லது காரமான குழம்பு பட்டதும் கன்னம் தீயாக எரிந்தால், இந்தக் கிழமையே காட்டுங்கள். ஒரே நாளில் விட முடியாதென்றால் முதலில் புகையிலையை விடுங்கள், அடுத்தது பாக்கு. கன்னத்தில் அடக்கிக்கொண்டு தூங்குவதை இன்றைக்கே நிறுத்துங்கள். மலையில் வாய்க்கு ஏதாவது வேண்டும் என்றால் ஒரு ஏலக்காயோ, சின்னத் துண்டு கறுவாப்பட்டையோ போட்டுக்கொள்ளலாம்.

சீனக்காரத் (படிகாரத்) தண்ணீர்?

இரத்தம் உடனே நிற்கும், அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று ஏமாந்துவிடுவோம். அது புளிப்புத் தன்மை உள்ளது, பல்லை அரிக்கும். ஒன்றிரண்டு தடவைக்கு மேல் வேண்டாம்.

மாசமாக இருக்கிறேன். ஈறு வீங்கி இரத்தம் வருகிறது. என்ன பாவிக்கலாம்?

கர்ப்ப காலத்து ஹோர்மோன் மாற்றத்தால் கொஞ்ச ஊத்தை இருந்தாலே ஈறு அதிகமாக வீங்கும். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் துலக்குவதை இரட்டிப்புக் கவனமாகச் செய்யுங்கள். உப்புத் தண்ணீர் போதும். கஷாயம் எதையும் குடிக்க வேண்டாம். காலையில் வாந்தி எடுத்ததும் உடனே துலக்காமல், வெறுந்தண்ணீரில் கொப்பளித்து அரைமணி நேரம் பொறுத்துத் துலக்குங்கள். கர்ப்பத்தில் பல் காட்டக் கூடாது என்பது பழைய பேச்சு. குடும்பநல உத்தியோகத்தரிடம், நாம் மிட்வைஃப் நோனா என்கிறோமே, அவரிடம் சொன்னால் பல் கிளினிக்குக்கு வழி சொல்வார்.

சீனி வருத்தமும் (நீரிழிவும்) பிரஷரும் இருக்கிறது. கைமருந்து செய்யலாமா?

கொப்பளித்துத் துப்புவதெல்லாம் செய்யலாம். ஆனால் கைமருந்தை நம்பிக் காத்திருக்கக் கூடாதவர்கள் நீங்கள்தான். சீனி கூடினால் ஈறு நோய் வேகமாக ஓடும்; ஈறு நோய் இருந்தால் சீனி கட்டுக்குள் வர மறுக்கும். இரண்டும் ஒன்றை ஒன்று இழுக்கும்.

பிரஷருக்குத் தரும் நிஃபெடிபின், வலிப்புக்குத் தரும் ஃபெனிடோயின் போன்ற சில மாத்திரைகள் சிலருக்கு ஈறைத் தடிப்பாக வளரச் செய்து பல்லையே மூடிவிடும். அதற்கு எந்த இலையும் உதவாது. மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. மருந்து அட்டையை எடுத்துக்கொண்டு போய் வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஈறுக்கு எது சாப்பிடலாம்?

நெல்லி, கொய்யா, தேசிக்காய், மரத்தக்காளி, கீரை. வைட்டமின் சி அறவே குறைந்தால் ஈறு ஊதிக் கசியும். ஒரு கொய்யாப்பழம் போதும், ஒரு நாளைக்கு வேண்டிய அளவு அதில் இருக்கிறது. தேசிக்காயைப் பல்லில் தேய்க்காதீர்கள், சாப்பாட்டில் பிழியுங்கள்.

எத்தனை நாள் கைமருந்து செய்து பார்க்கலாம்? எப்போது காத்திருக்கக் கூடாது?

நன்றாகத் துலக்கி, கூடவே கொப்பளித்து, 2 வாரம். அதற்குப் பிறகும் கசிந்தால் பெரும்பாலும் உள்ளே காரை இருக்கிறது என்று அர்த்தம். காரையைக் கரைக்கும் மூலிகை எதுவும் இல்லை. கருவியால்தான் எடுக்க வேண்டும். 2 வாரத்தில் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, தானாக ஆடும் பல், ஈறில் சீழ் ஆகியவற்றுக்கும் இதே பதில்தான்.

கன்னம் அல்லது தாடைக்கு அடியில் வீங்கி, காய்ச்சலோடு, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமாக இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய ஆம்புலன்ஸ் இலவசமாக வரும். அப்புறம், காய்ச்சல் வந்த நாட்களில் திடீரென்று ஈறில் இரத்தம் கசிந்தால் அது பல் விஷயமே இல்லை. டெங்குவின் ஆபத்து அறிகுறியாக இருக்கலாம். நேரே ஆஸ்பத்திரிக்கு.

காரை எடுத்தால் பல் ஆடிப்போகும் என்கிறார்களே?

எங்கள் வாங்கில் தினமும் கேட்கும் பேச்சு இது. ஏற்கனவே பிடி விட்ட பல்லைக் காரை சீமெந்து மாதிரிப் பிடித்துக்கொண்டு நிற்கும். காரையை எடுத்ததும் இடைவெளி தெரியும், சில நாள் கூசும், பல் லேசாக அசைவது போலவும் இருக்கும். ஆட வைத்தது காரை. எடுத்தபோதுதான் அது நமக்குத் தெரிந்தது. எடுத்தபிறகு ஈறு இறுகி, பல பற்கள் பழையபடி நிலைத்து நிற்பதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கிளினிக் போனால் ஒரு நாள் பேர் (சம்பளம்) போய்விடும். வேறு வழி?

கஷ்டம் தெரியும், என் அம்மாவும் அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் பல்லை இழந்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் பல் சிகிச்சை இலவசம். முதலில் தோட்ட டிஸ்பென்சரியில் கேளுங்கள், எந்த ஆஸ்பத்திரியில் எந்த நாள் பல் வைத்தியர் இருப்பார் என்று சொல்வார்கள். பிள்ளையின் கிளினிக், பிரஷர் கிளினிக் என்று ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளிலேயே பல்லையும் காட்டிவிடலாம். பெரிய சிக்கலென்றால் பேராதனையில் பல்கலைக்கழகப் பல் மருத்துவ பீடத்தோடு சேர்ந்த போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். போக்குவரத்துச் செலவுதான் உங்களுடையது.

கைமருந்து செய்ததை வைத்தியரிடம் சொன்னால் ஏசுவாரா?

சொல்லுங்கள். என்ன இலை, எத்தனை நாள், குடித்தீர்களா துப்பினீர்களா எல்லாம். கடையில் வாங்கிய தூளென்றால் கொஞ்சம் காகிதத்தில் மடித்து எடுத்து வாருங்கள். போன மாதம் ஒரு தாத்தா அப்படிச் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார். வைத்தியர் விரித்து, முகர்ந்து, "கடுக்காய்தானே, நல்லது, தொடர்ந்து கொப்பளியுங்கள் ஐயா" என்று சொல்லிவிட்டு, கதிரையைச் சாய்த்து, கீழ்வரிசைக் காரையை எடுக்கத் தொடங்கினார்.